ஊர்க் கிணறும் ஒரு கேட்வேயும்: யாழ்ப்பாணத்தில் திறந்த சென்சர் வலையமைப்பைத் தொடங்குவது எப்படி

எங்கள் ஊரில் முதல் கேட்வேயை, அதாவது சென்சர்கள் (அளவெடுத்து அனுப்பும் சின்னக் கருவிகள்) அனுப்புவதைப் பிடித்து இணையத்துக்குக் கொடுக்கும் பெட்டியை, பூட்டும்போது நாங்கள் மூன்று பேர். பெட்டி வந்தது, கூரையில் ஏற்றினோம், பச்சை விளக்கு எரிந்தது, படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டோம். அதற்குப் பிறகு ஐந்து மாதம் அந்தப் பெட்டிக்கு ஒரு தகவலும் வரவில்லை, ஏனென்றால் அனுப்புவதற்கு ஊரில் ஒரு சென்சர்கூட இல்லை, சென்சர் வேணும் என்று கேட்க ஒரு ஆளும் இல்லை. அதனால் இந்த வழிகாட்டியில் பெட்டி பாதியில்தான் வரும். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

முதலில் இது என்ன என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லோராவான் என்பது மிகச் சின்னத் தகவல்களை மிகக் குறைந்த மின்சாரத்தில் தூரத்துக்கு அனுப்பும் ரேடியோ முறை. படமோ குரலோ இதில் போகாது. "தண்ணீர் 4.2 மீற்றர் கீழே நிற்கிறது", "வெப்பநிலை 33 பாகை" என்ற அளவில்தான் போகும். ஆனால் ஒரு சின்னப் பற்றரியில் வருடக்கணக்கில் ஓடும், சிம் தேவையில்லை, மாதக் கட்டணம் இல்லை, இடையில் மறைப்பு இல்லாவிட்டால் பத்துக் கிலோமீற்றருக்கு அப்பாலும் கேட்கும். சென்சர் அனுப்புவதைக் கேட்வே பிடித்து, இணையத்தில் இருக்கும் சேர்வருக்குக் கொடுத்துவிடும். அந்தக் கேட்வேயை ஊர்க்காரர்களே வைத்து, யாருடைய சென்சர் அனுப்பினாலும் ஏற்றுக்கொள்ளும்படி விட்டால் அதுதான் திறந்த வலையமைப்பு. 2015இல் அம்ஸ்டர்டாமில் தி திங்ஸ் நெட்வேர்க் என்ற திறந்த வலையமைப்பு இப்படித்தான் தொடங்கியது, பத்துக் கேட்வேக்களோடு ஆறு கிழமைக்குள் நகரம் முழுவதற்கும் சிக்னல் கொடுத்துவிட்டார்கள். உங்கள் கூரையில் இருக்கிற பெட்டி பக்கத்து ஊர்க்காரரின் சென்சரையும் சுமக்கும், அவருடையது உங்களுடையதைச் சுமக்கும். தகவல் பூட்டுப் போட்டுத்தான் போகிறது, ஆகவே கேட்வே வைத்திருப்பவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவராது. இதை ஊர் ஆட்களுக்கு முதல் நாளே விளங்கப்படுத்துங்கள், கட்டாயம் கேட்பார்கள்.

ஊரின் கேள்வி எது?

வலிகாமத்தில் இருந்தால் கேள்வி தேடி அலையத் தேவையில்லை. தண்ணீர்தான்.

எங்கள் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றும் கிடையாது, வழுக்கையாறுகூட மாரியில்தான் ஓடும். குடிப்பதும் இறைப்பதும் ஐப்பசி கார்த்திகையில் பெய்து சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிய மழைநீர். அந்த நன்னீர் அடியில் இருக்கிற உப்புநீருக்கு மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே அண்ணளவாக நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் கணக்கு. அதே கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: மேலே ஒரு அடி இறங்கினால் கீழே உப்பு நாற்பது அடி ஏறலாம். கோடையில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மோட்டர் போட்டு இறைக்கிறபோது எந்தக் கிணறு எவ்வளவு இறங்குகிறது, எது முதலில் சவராகிறது என்று ஒவ்வொரு கமக்காரருக்கும் தன் கிணற்றைப் பற்றித் தெரியும், ஆனால் முழு ஊருக்கும் சேர்த்து யாரிடமும் கணக்கு இல்லை. திறந்த வலையமைப்பு ஒன்றுக்கு இதைவிட நல்ல முதல் வேலை எனக்குத் தெரியவில்லை.

தீவகத்தில் கேள்வி வேறு மாதிரி இருக்கும். பவுசரில் வந்து நிரப்பும் தண்ணீர்த் தாங்கியில் இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் அங்கே பெரிய உதவி. கரையோரம் என்றால் மீன் வைக்கும் ஐஸ் பெட்டியின் வெப்பநிலை. தென்மராட்சியில் வயலுக்குள் வெள்ளம் நிற்கும் உயரம். எதுவாக இருந்தாலும் ஒன்றை மட்டும் எடுங்கள்.

ஒன்றை மட்டும் வேண்டாம் என்று சொல்வேன். கடலுக்குப் போகும் படகுகளின் பாதுகாப்புக்கு என்று இதைத் தொடங்காதீர்கள். ஆசை வரும், எனக்கும் வந்தது, கேட்கவும் கேட்பார்கள். ஆனால் லோராவானில் அனுப்பிய செய்தி போய்ச் சேரும் என்று உத்தரவாதம் இல்லை, பத்தில் ஒன்று இரண்டு தவறுவது சாதாரணம். கிணற்றுக்கு அது பரவாயில்லை, அரை மணித்தியாலத்தில் அடுத்த அளவு வந்துவிடும். ஒரு உயிரை அதில் தொங்கவிடக் கூடாது.

ஆட்கள்

எங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது, மற்ற நாடுகளில் இப்படித் தொடங்குகிறவர்கள் கூடுவதற்கு இடம் தேடி அலைகிறார்கள், இங்கே ஊருக்கு ஊர் சனசமூக நிலையம் நிற்கிறது. வாசிகசாலை, மேசை, வாங்கு, கரும்பலகை, ஒரு நிர்வாகம், வங்கிக் கணக்கு எல்லாம் ஏற்கனவே உண்டு. புதிதாகச் சங்கம் ஒன்று பதியாதீர்கள். நிலையத்தின் ஒரு பகுதியாகப் போங்கள், காசு வந்தாலும் நிலையத்தின் கணக்குக்கே வரட்டும். லண்டனிலும் டொரொன்டோவிலும் இருக்கும் ஊர்ச் சங்கங்கள் உதவக் கேட்டால் பெரும்பாலும் உதவுவார்கள், ஆனால் முதல் கிணறு ஓடி இரண்டு மாதம் ஆன பிறகு கேளுங்கள். முதலிலேயே பெரிய காசு வந்தால் பத்துப் பெட்டி வாங்கி அலுமாரியில் வைக்கத்தான் தோன்றும்.

ஐந்து பேர் போதும். வயரிங் வேலை தெரிந்த ஒருவர், உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு படிக்கிற ஒரு பிள்ளை, கிளிநொச்சியில் பொறியியல் பீடத்துக்கோ விவசாய பீடத்துக்கோ போய்வருகிற ஒருவர் இருந்தால் நல்லது, தன் கிணற்றைத் தருவதற்கு ஒரு கமக்காரர், அப்புறம் எல்லாரையும் தெரிந்த, கோபப்படாத ஒரு ஆள். கடைசி ஆள் பெரும்பாலும் இளைப்பாறிய ஒரு ஆசிரியராகத்தான் இருப்பார். கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் மட்டும் ஐந்து பேர் சேர்ந்தால் அது நண்பர் வட்டம், ஊர் அதற்குள் வராது.

முதல் கூட்டத்தை ஞாயிறு பின்னேரம் வையுங்கள், திரையில் படம் ஓடவிட வேண்டாம். நாங்கள் செய்தது இதுதான்: வெப்பம் அளக்கும் ஒரு சென்சரை மேசையில் வைத்து, ஒரு அம்மாவிடம் கையால் பொத்திப் பிடிக்கச் சொன்னோம். சுவரில் சாத்தி வைத்திருந்த ஃபோனில் 31 என்று நின்ற இலக்கம் 32, 33 என்று ஏறியது. பிறகு அதே சென்சரை ஒரு பொடியனிடம் கொடுத்து சைக்கிளில் சந்திக்கு அனுப்பி, அங்கே ஐஸ் கட்டிப் பைக்குள் வைக்கச் சொன்னோம். இலக்கம் இறங்க இறங்க வாங்கில் இருந்தவர்கள் எழும்பி ஃபோனுக்குக் கிட்ட வந்துவிட்டார்கள். அரை மணித்தியாலம் பேசி விளங்கப்படுத்த முடியாதது அந்தப் பத்து நிமிடத்தில் விளங்கியது.

இன்னொரு விஷயம், இதை அலட்சியமாக எடுக்காதீர்கள். கூரையில் புதுப் பெட்டியும் கம்பியும் தெரிந்தால் எங்கள் சனம் யோசிக்கும். அதற்குக் காரணம் இருக்கிறது, நாங்கள் கடந்து வந்த காலம் அப்படி. ஆகவே பூட்டுவதற்கு முன்னரே விதானையாரிடம் போய்ச் சொல்லுங்கள், பிரதேச சபையின் கட்டடம் என்றால் எழுத்தில் அனுமதி எடுங்கள், சுற்றியுள்ள வீடுகளுக்கு நேரே போய்க் கதையுங்கள். எங்களிடம் ஒரு ஐயா படலையடியில் நின்று கேட்டார்:

"உந்தப் பெட்டி எங்கட கதையைக் கேக்குமோ தம்பி?"

"இல்லை ஐயா. அதுக்குள்ள மைக்கும் இல்லை, கமராவும் இல்லை. சென்சர் அனுப்புற இலக்கத்தை மட்டும் வாங்கும்."

"அப்ப என்ர கிணத்துக்கும் ஒண்டு போடுவியளோ?"

இரண்டாவது கிணறு அவருடையதுதான். பெட்டியில் தமிழில் ஒரு துண்டு ஒட்டுங்கள்: இது என்ன, யார் வைத்தது, எந்த நிலையத்தில் கேட்கலாம். தனி வீட்டுக் கிணறு என்றால் சரியான இடத்தை வரைபடத்தில் பகிரங்கமாகப் போடலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்டு, வேண்டாம் என்றால் ஒழுங்கையின் பெயரோடு நிறுத்துங்கள்.

வாங்குவதற்கு முன்: அலைவரிசை

இங்கேதான் காசு வீணாகும். லோராவானில் ஓடும் லோரா ரேடியோக் கருவிகள் நாட்டுக்கு நாடு வேறு அலைவரிசையில் வேலை செய்பவை. ஐரோப்பாவில் 863 முதல் 870 மெகாஹேர்ட்ஸ், வட அமெரிக்காவில் 902 முதல் 928, இந்தியாவில் 865 முதல் 867, ஆசிய நாடுகள் பலவற்றுக்கு 923ஐச் சுற்றியுள்ள ஏஎஸ்923 என்ற திட்டம். லண்டனில் இருக்கிற மாமா ஒன்றை அனுப்புவார், டொரொன்டோ மச்சான் ஒன்றை அனுப்புவார், சென்னைக்குப் போன ஒருவர் மலிவாக ஒன்று வாங்கி வருவார், மூன்றும் ஒன்றோடொன்று கதைக்காது, இங்கே பாவிக்க அனுமதி இல்லாமலும் இருக்கலாம். எனவே முதலில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதி, எந்த அலைவரிசை, எவ்வளவு சக்தி, ரேடியோக் கருவியை இறக்குமதி செய்ய என்ன அனுமதி என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். அந்தக் கடிதம் கையில் இருந்தால் சுங்கத்திலும் பேசலாம், ஊரிலும் காட்டலாம்.

கேட்வே எட்டுச் சனல் உள்ளதாக, அதாவது ஒரே நேரத்தில் எட்டு அலைவரிசைகளைக் கேட்கக்கூடியதாக இருக்க வேண்டும். ஒற்றைச் சனல் கேட்வே என்று மலிவாகச் செய்து காட்டும் வீடியோக்கள் உண்டு, அவை படிப்பதற்குச் சரி, ஊருக்கு வைக்க உதவாது. சென்சர்கள் சனலை மாற்றி மாற்றித்தான் அனுப்பும், ஒற்றைச் சனல் பெட்டி அதில் பெரும்பாலானதைத் தவறவிடும்.

அன்டெனாவை எங்கே வைப்பது

எங்கள் நிலம் தட்டை, மலை மறைப்பு இல்லை, கடல்நீரேரிக்கு மேலால் சிக்னல் வடிவாகப் போகும், பண்ணைப் பக்கம் உயரமான ஒரு கூரையில் வைத்தால் மண்டைதீவையும் வேலணையையும் பார்த்துக்கொண்டு நிற்கும். மறைப்பது மரங்கள்தான். தென்னோலையும் மாவிலையும் மழையில் நனைந்தால் சிக்னலைக் குடிக்கும், அதனால் இலைக்கு மேலே போகப் பாருங்கள். மாடிப் பள்ளிக்கூடம், நீர்த்தாங்கி, இரண்டு மாடி வீடு எல்லாம் நல்லவை. பனையில் கட்டலாமா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது கேட்பார்கள். வேண்டாம். காற்றுக்கு ஆடும், இடி விழும், ஏறித் திருத்த ஒவ்வொரு முறையும் ஆள் தேட வேண்டும்.

அன்டெனாவுக்கும் பெட்டிக்கும் இடையில் உள்ள கேபிள் நீளத்தைக் குறையுங்கள். கடையில் கிடைக்கும் மெல்லிய கேபிளில் பத்து மீற்றர் ஓடினால் இந்த அலைவரிசையில் சக்தியில் பாதிக்கு மேல் அதற்குள்ளேயே போய்விடும். பெட்டியையே மேலே அன்டெனாவுக்குப் பக்கத்தில் வைத்து, கீழிருந்து நெட்வேர்க் கேபிளை அனுப்பி, அதே கேபிளில் மின்சாரமும் கொடுங்கள். அன்டெனா பூட்டாமல் பெட்டியை ஒருபோதும் ஓன் செய்யாதீர்கள், ரேடியோப் பகுதி எரிந்துபோகக்கூடும்.

கேபிள் பெட்டிக்குள் கீழ்ப்பக்கத்தால்தான் நுழைய வேண்டும், நுழைவதற்கு முன் ஒரு வளைவு தொங்கட்டும், மழைநீர் அந்த வளைவில் சொட்டிப் போய்விடும். மூட்டுக்களை ரப்பர் நாடாவால் இறுக்கச் சுற்றுங்கள், உப்புக்காற்று ஒரு வருடத்தில் பித்தளையைப் பச்சையாக்கிவிடும். துளைகளை எல்லாம் அடையுங்கள், எறும்பும் பல்லியும் சூடான பெட்டியைத் தேடி வரும், அணில் வெளிக் கேபிளைக் கடிக்கும். மின்னல் காப்பானும் நல்ல நில இணைப்பும் இல்லாமல் சித்திரை இடியைச் சந்திக்கக் கூடாது, இந்த இடத்தில் மட்டும் தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள், காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் மின்சாரம் நின்ற காலத்தை மறக்கவில்லைத்தானே, சின்ன சோலரும் பற்றரியும் சேர்த்து விடுங்கள். கேட்வே குடிப்பது ஒரு சின்ன பல்ப் அளவுதான்.

பதிவு செய்தல்

தி திங்ஸ் நெட்வேர்க்கில் இலவசமாகக் கணக்கு திறக்கலாம். ஐரோப்பா, வட அமெரிக்கா, அவுஸ்திரேலியா என்று சேர்வர்கள் தனித்தனியாக உண்டு, எதை எடுத்தாலும் ஊரில் எல்லாரும் ஒன்றையே எடுங்கள், ஒருவருக்கு ஒருவர் உதவ இலகு. கேட்வேயின் அடையாள எண்ணைக் கொடுத்து, அலைவரிசைத் திட்டத்தைத் தெரிவுசெய்தால் சில நிமிடத்தில் இணைந்துவிடும். இணையம் அடிக்கடி அறுகிற தீவுப் பக்கம் என்றால் சிர்ப்ஸ்டாக் என்ற திறந்த மென்பொருளை ஊரிலேயே ஒரு சின்னக் கணினியில் ஓட்டலாம், ஆனால் முதல் வருடத்தில் அந்தச் சுமை வேண்டாம்.

ஒவ்வொரு சென்சருக்கும் ஒரு சாவி இருக்கும், நீளமான இலக்கமும் எழுத்தும். பெட்டியைப் படம் எடுத்து முகநூலில் போடும்போது அந்தச் சாவி அச்சடித்த துண்டு தெரியாமல் பாருங்கள். ஒரு கொப்பியில் எழுதி நிலையத்து அலுமாரியில் வையுங்கள்.

இலவச சேவைக்கு வரம்பு உண்டு: ஒரு சென்சர் நாளுக்கு மொத்தம் 30 செக்கன் மட்டும் காற்றில் கதைக்கலாம், அதற்கு நாங்கள் திருப்பி அனுப்புவது நாளுக்குப் பத்துச் செய்திக்குள். கேட்வேக்குக் கிட்ட இருந்தால் ஒரு செய்திக்கு ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்குகூட எடுக்காது, தூரம் கூடக் கூட நேரமும் கூடும். மிகத் தூரத்துச் சென்சர் அல்லாவிட்டால் அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்று வைக்கப் பயமில்லை, கிணறு அதைவிட வேகமாக மாறப்போவதும் இல்லை. செய்தியில் எழுத்து அனுப்பாதீர்கள், இலக்கம் மட்டும் அனுப்புங்கள். ஏஎஸ்923இல் ஒரு செய்தி 400 மில்லி செக்கனுக்கு மேல் போகக்கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தால், தூரத்துச் சென்சருக்குக் கிடைப்பது 11 பைட். "நீர்" என்ற சொல்லைத் தமிழில் அனுப்பவே 12 பைட் வேண்டும். 420 என்ற இலக்கத்துக்கு இரண்டு பைட் போதும், அதை 4.20 மீற்றர் என்று சேர்வரில் மாற்றிக்கொள்ளலாம்.

முதல் கிணறு

இஎஸ்பி32 என்ற சின்னக் கணினிப் பலகையும் லோரா ரேடியோவும் ஒன்றாக வரும் கருவி ஒன்று, தண்ணீர் புகாத அல்ட்ராசொனிக் சென்சர் ஒன்று, பற்றரி, சின்ன சோலர் தகடு, மின்சாரப் பெட்டி. இவ்வளவோடு தொடங்கலாம். சென்சரைக் கிணற்றுக்கு மேலே கீழ்நோக்கிக் கட்டினால் ஒலி போய்த் தண்ணீரில் பட்டுத் திரும்பும், அந்த நேரத்தை வைத்துத் தூரம் கணக்காகும்.

நாங்கள் கிணற்றுக் கட்டுக்குப் பக்கத்தில் வசதியாகப் பூட்டினோம். முதல் கிழமை முழுக்க 1.9 மீற்றர் என்றே வந்தது, இரவும் 1.9, மோட்டர் இரண்டு மணித்தியாலம் ஓடிய பிறகும் 1.9. சென்சர் பழுது என்று கழற்றி, வாளித் தண்ணீரில் சோதித்தோம், சரியாகத்தான் இருந்தது. கமக்கார அம்மா டோர்ச் அடித்து உள்ளே பார்த்துவிட்டுத்தான் சொன்னார், "உதில ஒரு கல்லு வெளிய தள்ளி நிக்குது பிள்ளை." ஒலி நேர்கோட்டில் போவதில்லை, விரிந்துகொண்டு போகும், பழைய பொழிகல்லுக் கட்டில் துருத்தி நிற்கும் எந்தக் கல்லிலும் படும். குறுக்கே ஒரு இரும்புக் குழாய் போட்டுச் சென்சரைக் கிணற்றின் நடுவுக்குக் கொண்டுவந்தோம், அன்று பின்னேரமே மோட்டர் ஓடுவதும் ஊறுவதும் கோடாகத் தெரிந்தது. ஆழமான, ஒடுங்கிய கிணறு என்றால் தண்ணீருக்குள் இறக்கும் அமுக்க சென்சர்தான் நல்லது, விலை கூட. உப்பு அளக்கும் சென்சரைப் பிறகு சேருங்கள், அதை மாதத்துக்கு ஒருமுறை எடுத்துக் கழுவி, தெரிந்த உப்புக் கரைசலில் சரிபார்க்க ஒரு ஆள் பொறுப்பெடுத்தால் மட்டும்.

எங்கெங்கே கேட்கிறது

ஜிபிஎஸ் உள்ள ஒரு சென்சரைக் கூடைக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஒழுங்கை ஒழுங்கையாகப் போங்கள். டிடிஎன் மேப்பர் என்ற கருவி எந்த இடத்தில் எவ்வளவு சிக்னல் என்று வரைபடத்தில் நிறம் போட்டுக் காட்டும். ஒரு முறை பங்குனியிலும் ஒரு முறை மாரியிலும் ஓடுங்கள், இலை நனைந்திருக்கும்போது கதை வேறு. இந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். எங்கள் ஊரில் அவர்கள் ஒரு சனிக்கிழமை ஓடி முடித்துவிட்டு, சுடலையடி ஒழுங்கையில் சிக்னல் இல்லை என்று கண்டுபிடித்து, இரண்டாவது கேட்வே எந்த வீட்டில் வர வேண்டும் என்பதையும் தாங்களே முடிவுசெய்துவிட்டு வந்தார்கள்.

தொடர்ந்து ஓடுவதற்கு

பூட்டுகிற நாளில் எல்லாரும் இருப்பார்கள், ஏழாம் மாதம் பற்றரி இறங்கும்போது யார் இருப்பார் என்பதை இப்போதே தீர்மானியுங்கள். ஒவ்வொரு கிணற்றுக்கும் ஒரு பெயர், அந்த வீட்டிலேயே ஒருவராக இருந்தால் மிக நல்லது. கடவுச்சொற்கள் இரண்டு பேரிடம் இருக்க வேண்டும், அதில் ஒருவர் வெளிநாடு போகும் எண்ணம் இல்லாதவராக இருக்கட்டும். எங்களிடம் எல்லாம் தெரிந்த ஒரு பொடியன் கனடா போனபோது ஒரு மாதம் எதையும் தொட முடியாமல் இருந்தோம். ஒரு உதிரிக் கருவி, ஒரு உதிரி அன்டெனா அலுமாரியில் இருக்கட்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு தேத்தண்ணீரோடு ஒரு மணித்தியாலம் கூடுங்கள், அந்த மாதம் எது நின்றது, யார் திருத்தினார் என்று கொப்பியில் எழுதுங்கள்.

அளவுகளை ஃபோனில் பார்க்கிறவர்கள் பார்ப்பார்கள். ஆனால் காலையில் பேப்பர் வாசிக்க வருகிற பெரியவர்கள்தான் கிணறுகளைப் பற்றி அதிகம் அறிந்தவர்கள், அவர்களில் பலர் ஃபோன் திரையைப் பார்ப்பதில்லை. அதனால் எங்கள் வாசிகசாலையில் பேப்பர் மேசைக்கு மேலே ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறோம். காலை ஏழு மணிக்குப் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஒரு பிள்ளை வந்து, ஆறு கிணறுகளின் பெயரையும் நீர்மட்டத்தையும், நேற்றைவிட இறங்கினால் கீழ்நோக்கிய அம்புக்குறியும், சோக்கால் எழுதிவிட்டுப் போகும். ஏழரைக்குப் போனால் பலகைக்கு முன்னால் நின்று, "கிழக்கால ரெண்டும் ஏன் ஒண்டா இறங்குது?" என்று கதை தொடங்கியிருக்கும். ஏழாவது கிணற்றுக்கு யாரைக் கேட்பது என்று அந்தக் கூட்டத்துக்குள்ளேயே நின்று கேளுங்கள்.